டி.என்.ஏ.வைப் படிக்கும் ஒளி செய்யும் சேதம்

வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டால் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: சோப்புப் போட்டு அலசிவிட்டு வெயிலில் போடு. சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவந்து பயமுறுத்தும். ஆனால் வெயிலில் கிடந்தால் சாயங்காலத்துக்குள் வெளுத்துவிடும். அந்தக் கறையை எடுப்பது வெயில்தான். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் மூலக்கூறு ஒளியை விழுங்கி, விழுங்கியதைத் தாங்க முடியாமல் உருக்குலைகிறது.

அதே மஞ்சள்தூளில் ஒரு சிட்டிகையைக் கைக்குத் தடவும் சானிட்டைசரில் கரைத்து, இருட்டறையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கின்கீழ் பிடித்துப் பாருங்கள். பச்சை கலந்த மஞ்சளாகப் பளீரென ஒளிரும். ஒளியை வாங்கத் தெரிந்த மூலக்கூறுதான் ஒளிரவும் செய்யும், வெளிறவும் செய்யும். ஒரு குணத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் தவிர்ப்பது அவ்வளவு சுலபமல்ல.

புற்றுநோய்க் கட்டியின் டி.என்.ஏ. ஆனாலும், கொரோனா கிருமியின் மரபுக் குறியீடு ஆனாலும், இன்று பெரும்பாலும் அவை படிக்கப்படுவது இப்படி ஒளிரும் சாயங்களின் உதவியால்தான். அந்தச் சாயங்கள் வெளிறாமல் காப்பது எப்படி என்ற கேள்வி, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சின்னத் தொழில்நுட்பச் சிக்கலாகத் தோன்றலாம். உள்ளே இறங்கிப் பார்த்தால், ஒரு கருவி எத்தனை எழுத்து வரை நம்பகமாகப் படிக்கும் என்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. காப்பாற்ற வேண்டியது சாயத்தை மட்டும்தானா என்பதும் போகப்போகத் தெரியும்.

ஒரு சுற்றில் ஓர் எழுத்து

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1852-ல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் குயினைன் கரைசல் நீலமாக ஒளிர்வதை ஆராய்ந்து, இந்த நிகழ்வுக்கு 'ஃப்ளூரசன்ஸ்' என்று பெயர் வைத்தார். ஏறத்தாழ 145 ஆண்டுகள் கழித்து அதே ஊரில் இரண்டு வேதியியலாளர்கள் அந்த ஒளிர்வைக் கொண்டு டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படிக்கும் வழியை யோசித்தார்கள். ஒருவர் டேவிட் கிளெனர்மேன். மற்றவர் சங்கர் பாலசுப்ரமணியன். 1966-ல் சென்னையில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்து போனவர். 1998-ல் அவர்கள் தொடங்கிய சொலெக்ஸா நிறுவனத்தை, டி.என்.ஏ. ஆய்வுக் கருவிகள் செய்யும் அமெரிக்காவின் இல்லுமினா 2007-ல் வாங்கியது. 2008-ல் நைஜீரியாவின் இபாதான் நகரைச் சேர்ந்த யொரூபா ஆண் ஒருவரின் முழு மரபணுத்தொகுதியை இந்த முறையில் படித்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

முறை இதுதான். கண்ணாடிச் சில்லு ஒன்றின் பரப்பில் டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டவைத்து, ஒவ்வொரு துண்டையும் இருந்த இடத்திலேயே ஆயிரம் பிரதிகள் வரை பெருக்குகிறார்கள். ஒரு மைக்ரான் அளவில் ஒரு கொத்து; அப்படிக் கோடிக்கணக்கான கொத்துகள். பிறகு சாயம் கட்டிய நான்கு எழுத்துகளையும், அதாவது ஏ, சி, ஜி, டி நியூக்ளியோடைடுகளை, ஒன்றாகப் பாய்ச்சுகிறார்கள். பாலிமரேஸ் நொதி ஒவ்வொரு இழையிலும் பொருத்தமான ஓர் எழுத்தைச் சேர்க்கும். அந்த எழுத்தின் முனையில் ஒரு பூட்டு இருப்பதால் இரண்டாவது எழுத்து சேராது. மிச்சத்தைக் கழுவிவிட்டு லேசரை அடித்துப் படமெடுத்தால், எந்தக் கொத்து எந்த நிறத்தில் ஒளிர்கிறதோ அதுவே அந்த இடத்து எழுத்து. கடைசியாகப் பாஸ்பீன் வகை வேதிப்பொருளை விட்டுச் சாயத்தை வெட்டியெறிந்து பூட்டையும் திறந்துவிட்டால் ஒரு சுற்று முடிந்தது. அடுத்த எழுத்துக்கு அடுத்த சுற்று.

2006-ல் வந்த முதல் கருவி இப்படி 25 முதல் 35 எழுத்து வரை படித்தது. இன்று ஒரே துண்டின் இரு முனைகளிலிருந்தும் 300, 300 என 600 சுற்று ஓட்டும் கருவி சாதாரணமாகப் புழங்குகிறது. அறுநூறு முறை பாய்ச்சல், அறுநூறு முறை கழுவல், அறுநூறு முறை லேசர்.

சாயம் எப்படிச் சாகிறது

பச்சை லேசரின் ஒளித்துகள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அலைநீளம் 532 நானோமீட்டர். ஒரு மோல் கணக்கில் அதன் ஆற்றல் சுமார் 225 கிலோ ஜூல். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலான சாதாரணப் பிணைப்பை அறுக்க 345 கிலோ ஜூல் அளவுக்குத் தேவை. ஆக, அந்த ஒளித்துகள் நேராக மோதிச் சாயத்தை உடைத்துவிடவில்லை. அது செய்வது, மூலக்கூறின் எலக்ட்ரான் ஒன்றை ஒரு படி மேலே ஏற்றிவிடுவது. ஏறிய எலக்ட்ரான் பெரும்பாலும் சில நானோநொடிகளில் கீழே இறங்கிவிடும். இறங்கும்போது வெளியேறும் ஒளிதான் நமக்கு வேண்டிய ஒளிர்வு. ஏறு, இறங்கு, ஒளிர், மறுபடி ஏறு. நல்ல சாயம் ஒன்று சாவதற்குள் ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் முறை இப்படி ஏறியிறங்கும்.

தொல்லை தொடங்குவது, நூற்றில் ஒரு முறையோ ஆயிரத்தில் ஒரு முறையோ எலக்ட்ரான் வந்த வழியே இறங்காமல் பக்கத்துப் பரணில் போய் உட்கார்ந்துகொள்ளும்போது. வேதியியலில் இதற்கு மும்மை நிலை என்று பெயர். அங்கிருந்து கீழே இறங்க விதி எளிதில் அனுமதிக்காது. நானோநொடியில் முடிய வேண்டியது மைக்ரோநொடி, சில நேரம் மில்லிநொடி வரை இழுக்கும். அத்தனை நேரமும் மூலக்கூறு ஆற்றலைச் சுமந்தபடி, கிடைத்ததோடு வினைபுரியத் தயாராக நிற்கிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் அதற்கு முதலில் கிடைக்கிறது. ஆக்சிஜனின் சாதாரண நிலையே மும்மை நிலை. அபூர்வமான குணம் இது. அதனால் மும்மை நிலையில் மாட்டிக்கொண்ட சாயத்திடமிருந்து அது ஆற்றலை வெகு சுலபமாக வாங்கிக்கொள்கிறது. அதற்குத் தேவை 94 கிலோ ஜூல்தான்; சாயத்திடம் அதைவிட நிறையவே இருக்கிறது. வாங்கியதும் ஆக்சிஜன் 'ஒற்றை நிலை ஆக்சிஜன்' என்ற மூர்க்கமான பிறவியாக மாறுகிறது. தண்ணீரில் அதன் ஆயுள் மூன்றரை மைக்ரோநொடி அளவுதான். அதற்குள் அது ஒன்றிரண்டு நூறு நானோமீட்டர் தூரம் அலைந்துவிடும். வழியில் எலக்ட்ரான் செழித்த இரட்டைப் பிணைப்பு எதிர்ப்பட்டால் அதைக் கடித்துவிடும். இந்த ஆய்வுகளில் புழங்கும் சையனின் என்ற சாயக் குடும்பத்தின் நடுவே ஓடும் நீண்ட இரட்டைப் பிணைப்புச் சங்கிலி அதற்கு வாகான இரை. சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் நிறமும் போச்சு, ஒளிர்வும் போச்சு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆக்சிஜன் வந்து ஆற்றலை வாங்கிக்கொண்டதால்தான் சாயம் பரணிலிருந்து இறங்கி மறுபடி ஒளிரத் தொடங்குகிறது. கொல்லுவதும் அதுவே, மீட்பதும் அதுவே. ஆக்சிஜனை வெளியேற்றினால் போதும் என்று நம்பி இறங்கியவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள்.

இடையில் ஒரு வார்த்தை. வெளிறலெல்லாம் ஒளியின் குற்றமல்ல. 2000-களின் தொடக்கத்தில் டி.என்.ஏ. சில்லு ஆய்வுகளில் சை5 என்னும் சிவப்புச் சையனின் சாயம் மட்டும் கோடைக்காலத்தில் காரணமில்லாமல் மங்கியது. காற்றில் இருந்த ஓசோன்தான் காரணம் என்று 2003-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன்பின் ஆய்வகங்கள் கரி வடிகட்டி வைத்து ஓசோனை நீக்கத் தொடங்கின. விளக்கை அணைத்துவிட்டு, குழாய்களுக்கு அலுமினியத் தாள் சுற்றியும் சாயம் போகிறதென்றால், காற்றையும் சந்தேகிக்கலாம்.

சாயம் மாறும், இழை மாறாது

மேலே சொன்ன சுற்றை இன்னொரு முறை பாருங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பழைய சாயம் வெட்டியெறியப்படுகிறது. அடுத்த சுற்றில் புத்தம்புதுச் சாயம் வருகிறது. அப்படியென்றால் சாயம் வெளிறுவதைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? ஒரு படம் எடுத்து முடியும்வரை தாக்குப்பிடித்தால் போதாதா?

அந்த ஒரு சுற்றுக்குள் பார்த்தால், கிட்டத்தட்டப் போதும். பழைய கருவியில் ஏ, சி இரண்டின் சாயங்களும் சிவப்பு லேசருக்கு விழித்தன; ஜி, டி இரண்டும் பச்சைக்கு. ஒரே லேசருக்கு விழிக்கும் இரண்டையும் வடிகட்டி மாற்றி அடுத்தடுத்து எடுக்கும்போது, இரண்டாம் படத்துக்குரிய சாயம் முதல் படத்தின்போதே வெயிலில் காய்ந்து கொஞ்சம் மங்கியிருக்கும். இந்தச் சரிவு எல்லாச் சுற்றிலும் ஒரே மாதிரி இருப்பதால் கணக்குப் போட்டுத் திருத்திவிடலாம்.

திருத்த முடியாத இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. ஒற்றை நிலை ஆக்சிஜன் ஒன்றிரண்டு நூறு நானோமீட்டர் அலையும் என்றேன். கொத்தின் அகலமோ ஒரு மைக்ரான். அதில் ஆயிரம் இழைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. சாயத்திலிருந்து கிளம்பியது, அந்தச் சாயத்தைத் தாங்கும் இழையையும் தாக்கும், அடுத்த வீட்டு இழையையும் தாக்கும். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஆக்சிஜனுக்கு முதலில் பலியாவது குவானைன், அதாவது ஜி. அது 8-ஆக்சோகுவானைன் என்ற திரிந்த எழுத்தாகி, சி-க்குப் பதிலாக ஏ-யோடு கைகோக்கத் தொடங்கும். சில இழைகள் ஒரேயடியாக அறுந்து கழுவலோடு போய்விடும். சிலவற்றில் நொதி அடுத்த எழுத்தைச் சேர்க்க முடியாமல் நின்றுவிடும்.

ஆயிரத்தில் ஓர் இழை கெட்டால் எழுத்து தப்பாகாது, பெரும்பான்மை காப்பாற்றிவிடும். ஆனால் கொத்தின் வெளிச்சம் அந்த அளவுக்குக் குறையும், குறைந்தது திரும்ப வராது. சாயம் புதிதாக வரும். இழை புதிதாக வராது. என் பார்வையில் இந்தத் துறையின் மையமான உண்மை இதுதான். சாயம் வெளிறுவதை ஓர் அறிகுறியாகப் பார்க்க வேண்டும். அதைச் செய்த அதே வினை பக்கத்தில் நிற்கும் டி.என்.ஏ.வையும் தின்றுகொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டால் உறைக்கும். ஒரு சுற்றுக்கு நூற்றில் ஒரு பங்கு இழை போகிறது என்று வையுங்கள். 150 சுற்றுக்குப் பின் மிஞ்சுவது 22 சதவீதம்; 300 சுற்றில் வெறும் 5. அதையே ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 150 சுற்றில் 86 சதவீதமும், 300 சுற்றில் 74 சதவீதமும் மிஞ்சும். ஒரு சுற்றில் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம், கடைசியில் படிக்க முடியுமா முடியாதா என்பதை முடிவுசெய்கிறது. எல்லா இழப்பும் ஒளியால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்: சூடு, வெட்டும் வேதிப்பொருள், திரும்பத்திரும்பக் கழுவல் எல்லாமும் தங்கள் பங்கைக் கேட்கும்.

கரைசலில் என்ன கலப்பது

முதல் தற்காப்பு, படமெடுக்கும்போது கொத்துகள் மூழ்கியிருக்கும் கரைசல். இல்லுமினா வகைக் கருவிகளின் படக்கரைசலில் நெடுங்காலம் இருந்த மருந்து சோடியம் அஸ்கார்பேட். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இருக்கும் வைட்டமின் சி-யின் உப்புதான். எலக்ட்ரானைத் தாராளமாகத் தானம் தரும் பொருள் அது. எலக்ட்ரான் இழந்து தவிக்கும் சாயத்துக்கு அதைக் கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்; ஒற்றை நிலை ஆக்சிஜன் இழையைக் கடிப்பதற்குள் தானே குறுக்கே விழுந்து வாங்கிக்கொள்ளும். விலை மலிவு, தண்ணீரில் நன்றாகக் கரையும்.

ஆனால் அது இரண்டு பக்கமும் கூரான கத்தி. வாட்டர் பாத்திலோ மேசையிலோ திறந்து வைத்த அஸ்கார்பேட் கரைசல் நேரம் போகப்போக மஞ்சளித்துப் பழுப்பேறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கு அது தானாகவே இரையாகிறது. கரைசலில் துளி இரும்போ செம்போ இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அஸ்கார்பேட் அந்த உலோகத்துக்குத் திரும்பத்திரும்ப எலக்ட்ரானைக் கொடுக்க, ஹைட்ரஜன் பெராக்சைடும் அதிலிருந்து ஹைட்ராக்சில் தனியுறுப்பும் பிறக்கும். டி.என்.ஏ.வை அறுப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. காக்க வந்ததே வேட்டு வைக்கும் கதை. அதனால்தான் உலோகத்தைப் பிடித்து வைக்கும் இ.டி.டி.ஏ. போன்ற பொருளும், புதிதாகக் கலக்கும் பழக்கமும் இங்கே அவசியமாகின்றன. காலாவதியான கரைசல் பெட்டியை 'இன்னும் ஒரு ஓட்டம் வரும்' என்று நீட்டிப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. மிச்சமாகும் பணத்தைவிடக் கெட்டுப்போகும் மாதிரியின் விலை அதிகம்.

இரண்டாவது வழி ஆக்சிஜனையே உண்டு தீர்ப்பது. தனி மூலக்கூறு ஆய்வு செய்பவர்கள் இதற்கு குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ் என்ற இரண்டு நொதிகளைச் சேர்த்துப் போடுவது வழக்கம். முதல் நொதி குளுக்கோஸையும் ஆக்சிஜனையும் சேர்த்துக் குளுக்கோனிக் அமிலமும் பெராக்சைடும் ஆக்கும். இரண்டாவது அந்தப் பெராக்சைடைத் தண்ணீரும் ஆக்சிஜனுமாக உடைக்கும். ஆக்சிஜன் குறையும், ஆனால் அமிலம் சேர்ந்துகொண்டே போகும். மணிக்கணக்கில் ஓடும் ஆய்வில் கரைசல் புளித்துவிட்டால் நொதிகளும் சாயமும் தடுமாறும். 2008-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜோசப் புக்லிசியின் குழு வேறொரு ஜோடியை முன்வைத்தது: புரோட்டோகேட்டெகூயிக் அமிலமும் அதை ஆக்சிஜனோடு இணைக்கும் டைஆக்சிஜனேஸ் நொதியும். இதில் பெராக்சைடு உண்டாவதே இல்லை.

ஆக்சிஜனைத் தீர்த்தாயிற்று. சாயம் நீண்ட நேரம் சாகவில்லை. ஆனால் கண் சிமிட்டத் தொடங்கிவிட்டது! பரணில் ஏறியதை இறக்கிவிட ஆளில்லாமல் போனதன் விளைவு. ஒரு மூலக்கூறை மட்டும் பார்க்கும் ஆய்வில் சிமிட்டல் என்பது எழுத்து விடுபட்டதாகவே பதிவாகும். முன்பெல்லாம் இதற்கு மெர்காப்டோஎத்தனால் போடுவார்கள். தயோல் என்ற கந்தக வகையைச் சேர்ந்த அந்தப் பொருள் சை5-உடன் ஒட்டிக்கொண்டு அதைத் தற்காலிகமாக இருட்டாக்கிவிடும் என்பது பின்னாளில்தான் விளங்கியது. 2006-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தேக்ஜிப் ஹாவின் குழு, வைட்டமின் ஈ-யைத் தண்ணீரில் கரையும்படி மாற்றிய டிராலாக்ஸ் என்ற பொருளைப் போட்டுச் சிமிட்டலை நிறுத்திக் காட்டியது.

ஏன் அது வேலை செய்தது என்பதற்குப் பதில் ஜெர்மனியிலிருந்து வந்தது. பிலிப் டின்னஃபெல்டின் குழு 2008-ல் சொன்ன யோசனை அழகானது. மும்மை நிலையில் சிக்கிய சாயத்துக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடு; மறுகணமே வேறொரு பொருள் அந்த உபரி எலக்ட்ரானைத் திரும்ப வாங்கட்டும். கொடுக்கவும் ஆள், வாங்கவும் ஆள். இரண்டும் பக்கத்திலேயே இருந்தால் சாயம் எந்த ஆபத்தான நிலையிலும் நீடிக்காது. டிராலாக்ஸ் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. கரைசலில் கிடந்து அதில் ஒரு பகுதி தானே குவினோனாக மாறி, அந்தக் குவினோன் எலக்ட்ரானை வாங்குகிறது என்று 2009-ல் அதே குழு காட்டியது. அப்போதுதான் கரைத்த டிராலாக்ஸைவிட, சற்றுப் பழசான டிராலாக்ஸ் நன்றாக வேலை செய்வதன் ரகசியம் இதுவே. அஸ்கார்பேட் புதிதாக வேண்டும், டிராலாக்ஸ் கொஞ்சம் பழசாக வேண்டும். மருந்தின் பெயரோடு வேலை முடிந்துவிடுவதில்லை, அதன் வயதும் தெரிய வேண்டும்.

மூன்றாவது வழி காவலாளைச் சாயத்தின் உடம்பிலேயே தைத்துவிடுவது. சைக்ளோஆக்டாடெட்ராயீன் என்ற எட்டுக் கார்பன் வளையம், மும்மை நிலையின் ஆற்றலை வாங்கிச் சத்தமில்லாமல் வெப்பமாக்கிவிடும். சாய லேசர்களில் இதை முன்பே பயன்படுத்தினார்கள். ஆனால் அது தண்ணீரில் சரியாகக் கரையாது. 2012-ல் நியூயார்க்கில் ஸ்காட் பிளான்சார்டின் குழு அதைச் சை5 சாயத்தோடு நேராகப் பிணைத்தது. கரைய வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. காவல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். இதில் எனக்குப் பிடித்த அம்சம், ஆற்றல் வெளியே சிந்துவதற்கு முன்பே பிடிபடுவது. அதனால் சாயத்தோடு சேர்ந்து பக்கத்து இழைக்கும் நன்மை.

வெட்டும் வேதிப்பொருளைப் பற்றியும் ஒரு குறிப்பு. சாயத்தை வெட்டப் பயன்படும் பாஸ்பீன் வகைப் பொருள்கள் சையனின் சாயத்தின் சங்கிலியில் ஒட்டி அதை ஒளிராமல் ஆக்கக்கூடியவை. முந்தைய சுற்றின் மிச்சம் சரியாகக் கழுவப்படாமல் தங்கிவிட்டால், அடுத்த சுற்றின் படம் மங்கும். பார்ப்பவர் லேசரைத்தான் குறை சொல்வார்.

குறைவாக ஒளி அடிப்பது

எந்த மருந்தையும்விட நிச்சயமான வழி, தேவைக்கு மேல் ஒளியை அடிக்காமல் இருப்பது. எவ்வளவு தேவை? ஒளித்துகள்களை எண்ணும்போது இயல்பாக வரும் தடுமாற்றம், எண்ணிக்கையின் வர்க்கமூலம். நூறு துகள் வந்தால் பத்துத் தடுமாறும். பத்தாயிரம் வந்தால் நூறுதான், ஒரு சதவீதம். ஆக, வந்ததை வீணாக்காமல் பிடிப்பதில்தான் சூட்சுமம். சாயம் எல்லாத் திசையிலும் ஒளியை வீசுகிறது. லென்ஸோ ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது. எவ்வளவு அகலமான கோணத்திலிருந்து லென்ஸ் ஒளியை வாங்கும் என்பதைச் சொல்லும் அளவு எண்துளை. எண்துளை 0.75 உள்ள உலர் லென்ஸ், தண்ணீரில் இருக்கும் சாயத்திடமிருந்து பிடிப்பது வெறும் 9 சதவீத ஒளி. 1.2 எண்துளையுள்ள நீர்மூழ்கி லென்ஸ் 28 சதவீதம் பிடிக்கும். அதே படத்துக்கு மூன்றில் ஒரு பங்கு லேசர் போதும். ஆனால் பார்வைப் பரப்பு சுருங்கும், ஓட்டம் நீளும். கருவி செய்பவர்கள் ஒவ்வொருவரும் இந்தப் பேரத்தை நடத்தியே ஆக வேண்டும்.

லேசரைப் பாதியாகக் குறைத்து நேரத்தை இரட்டிப்பாக்கினால் லாபமா? மேலோட்டமாகப் பார்த்தால் இல்லை. மொத்த ஒளி ஒன்றுதான். ஆனால் ஒளியின் செறிவு மிக அதிகமாகும்போது, பரணில் உட்கார்ந்திருக்கும் மூலக்கூறின்மேல் இரண்டாவது ஒளித்துகள் விழுந்து அதை இன்னும் மேலே எறிந்துவிடும். அங்கிருந்து பிணைப்பையே அறுக்கும் ஆற்றல் கிடைத்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் செறிவைக் குறைப்பது உண்மையிலேயே உயிர் காக்கும்.

ஒளி எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். லேசர்க் கற்றையின் ஓரங்கள் கத்தி வைத்து வெட்டியதுபோல் முடிவதில்லை, மெல்ல மங்கி முடிகின்றன. சில்லைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்துத்தான் படமெடுக்கிறார்கள்; ஒரு கட்டத்தைப் படமெடுக்கும்போது பக்கத்துக் கட்டத்தின் விளிம்பும் காய்கிறது. கேமரா பார்க்காத இடத்தில் விழும் ஒளி, எந்தத் தகவலும் தராமல் சேதம் மட்டும் செய்யும். 2010-ல் வந்த இல்லுமினாவின் ஹைசீக் கருவி மெல்லிய கோடு போன்ற ஒளியை மேசையோடு சேர்த்து நகர்த்தி, கேமராவும் அதே வேகத்தில் பதிவதுபோல் அமைக்கப்பட்டது. ஒளி விழும் இடமும் கேமரா பார்க்கும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றாயின.

இதைவிடத் துணிச்சலான சிக்கனம், படங்களின் எண்ணிக்கையையே குறைத்தது. 2014-ல் வந்த அதே நிறுவனத்தின் நெக்ஸ்ட்சீக் கருவி நான்கு எழுத்துகளை இரண்டே படங்களில் படித்தது. சிவப்பில் மட்டும் தெரிந்தால் சி, பச்சையில் மட்டும் தெரிந்தால் டி, இரண்டிலும் தெரிந்தால் ஏ, எதிலும் தெரியாவிட்டால் ஜி. படம் பாதி, நேரம் பாதி, ஒளியும் குறைவு. ஆனால் இருட்டுக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்ததால் புதிய வினை ஒன்று வந்து சேர்ந்தது. கொத்து உண்மையிலேயே செத்து இருண்டாலும் கருவி அதை ஜி என்றே படிக்கும். தரவைத் திறந்தால் வரிகளின் கடைசியில் ஜிஜிஜிஜிஜி என்று வால் நீண்டிருப்பதைக் காணலாம். இன்று தரவைச் சுத்தம் செய்யும் மென்பொருள்கள் இந்த வாலை நறுக்கத் தனி வசதியே வைத்திருக்கின்றன. அதை வெறும் குப்பை என்று நறுக்கிவிட்டுப் போகாமல், எத்தனையாவது எழுத்தில் வால் தொடங்குகிறது என்று பார்ப்பது நல்லது. கொத்து எப்போது இருண்டது என்பதன் குறிப்பு அதில் இருக்கிறது.

ஒரே ஒரு நொதி

பசிஃபிக் பயோசயின்சஸ் நிறுவனத்தின் முறையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாட் வெப், ஹரால்டு கிரெய்க்ஹெட் ஆகியோரின் ஆய்வகங்களில் உருவாகி 2003-ல் வெளியான யோசனை அது: உலோகப் படலத்தில் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துளை, அதன் அடியில் மட்டும் ஒளி கசியும். அந்தத் துளையின் அடியில் ஒரே ஒரு பாலிமரேஸ் உட்கார்ந்து டி.என்.ஏ.வை நகலெடுக்க, அது சேர்க்கும் ஒவ்வொரு எழுத்தும் மினுக்கென்று ஒளிர்வதைப் படம்பிடிக்கிறார்கள். சாயம் எழுத்தின் பாஸ்பேட் வாலில் கட்டப்பட்டிருப்பதால், எழுத்து சேர்ந்ததும் தானாகக் கழன்று போய்விடும். ஒவ்வொரு சாயமும் நொதியோடு இருப்பது ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரம்.

இங்கே சாயம் வெளிறுவது கிட்டத்தட்டப் பிரச்சினையே இல்லை. சாவது நொதி. எழுத்தைக் கையில் பிடித்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில் சாயம் மும்மை நிலைக்குப் போனால், அடி நேராகப் பாலிமரேஸின் மேல் விழுகிறது. மாற்று நொதி கிடையாது. காப்பாற்ற ஆயிரம் பிரதிகளின் பெரும்பான்மையும் கிடையாது. அது நின்றால் அந்தத் துளையின் படிப்பு அங்கேயே முடிந்தது. ஆக்சிஜன் உண்ணும் நொதிகளைக் கரைசலில் சேர்த்தார்கள். பிறகு சாயத்துக்கும் பாலிமரேஸுக்கும் நடுவே ஒரு புரதத்தையே திரையாக வைத்தார்கள், சாயம் நொதியைத் தொடவே முடியாதபடி. ஒரே மூச்சில் படிக்கும் நீளம் ஆயிரக்கணக்கான எழுத்துகளாக நீண்டதில் இந்தத் திரைக்கும் பங்குண்டு.

எழுத்தில் சாயத்தையே கட்டாத முறைகளும் வந்துவிட்டன. சீனாவின் பி.ஜி.ஐ. குழுமத்தின் ஒரு முறையில் எழுத்துகள் சாயமின்றிச் சேர்கின்றன. ஒவ்வொரு எழுத்தையும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள் சாயத்தைச் சுமந்து வந்து ஒட்டி, படம் முடிந்ததும் கழன்றுவிடுகிறது. ஒன்றுக்குப் பல சாயங்களைச் சுமக்கலாம் என்பதால் குறைந்த ஒளியிலேயே படம் தெளிகிறது. டி.என்.ஏ. இழையை நுண்துளை வழியே செலுத்திப் படிக்கும் நானோபோர் கருவிகளில் ஒளிக்கே வேலையில்லை, மின்னோட்டம்தான்.

குற்றவாளியைக் கண்டுபிடிப்பது

ஓட்டம் பாதியில் மங்குகிறது. ஒளியா, வேதியியலா? ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, சில்லிலேயே கேட்கலாம். எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே கரைசல்தான் பாய்கிறது, ஒரே சூடு, ஒரே கழுவல். வேறுபடக்கூடியது லேசர் மட்டும்தான். சில கட்டங்களை முதல் ஐம்பது சுற்றுக்குப் படமெடுக்காமல் இருட்டிலேயே விட்டுவிட்டு, ஐம்பத்தோராவது சுற்றில் அவற்றின்மேல் முதன்முறையாக லேசரைத் திறக்க வேண்டும். பக்கத்துக் கட்டம் அளவுக்கே மங்கியிருந்தால் ஒளி நிரபராதி. கரைசலையும் சூட்டையும் போய்ப் பாருங்கள். இருட்டில் இருந்த கட்டம் தெளிவாகப் பளிச்சென்று தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐம்பது சுற்றில் லேசர் தின்ற டி.என்.ஏ.வின் அளவு. அடுத்த ஓட்டத்தில் கலக்கும் அஸ்கார்பேட்டோ, குறைத்து வைக்கும் லேசரோ வேலை செய்கிறதா என்பதையும் அந்த வித்தியாசம் சுருங்குகிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாம்.